முடக்கு வாதத்தில் ரத்தசோகை: இரும்புச்சத்து இருந்தும் பயன்படாதது ஏன்?

நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்கும் முடக்கு வாத நோயாளிகளிடம் ரத்தசோகை பரவலாகக் காணப்படுகிறது. உணவில் இரும்புச்சத்து குறைவது மட்டுமே இதற்குக் காரணமல்ல.

எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் சில வகைகளைக் கொண்டவர்களுக்கு முடக்கு வாதம் வரும் வாய்ப்பு அதிகம். புகைப்பழக்கம் அந்த அபாயத்தை மேலும் கூட்டுகிறது. எனினும், இம்மரபணு வகைகளைக் கொண்ட அனைவருக்கும் நோய் வருவதில்லை.

நோய் தீவிரமடையும்போது அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 புரதம் அதிகரிக்கிறது. அதன் விளைவாக, கல்லீரல் ஹெப்சிடின் எனும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. குடலிலிருந்தும் சேமிப்பு செல்களிலிருந்தும் இரும்புச்சத்து ரத்தத்தில் கலப்பதை ஹெப்சிடின் தடுக்கிறது. இதனால், உடலில் இருப்பு இருந்தும் சிவப்பணு உற்பத்திக்குப் போதிய இரும்புச்சத்து கிடைப்பதில்லை.

இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் புரதமும் அழற்சியால் உயரும். ஆகவே, ஃபெரிட்டின் அளவு இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து இரும்புச்சத்து குறைபாடு இல்லை என முடிவு செய்ய இயலாது. டிரான்ஸ்ஃபெரின் செறிவு, சி-ரியாக்டிவ் புரதம் ஆகியவற்றையும் சேர்த்தே மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர். வலி நிவாரணி மாத்திரைகளால் இரைப்பையில் ஏற்படும் ரத்தக்கசிவு, உண்மையான குறைபாட்டையும் உண்டாக்கலாம்.

அழற்சியைக் கட்டுப்படுத்துவதே இவ்வகை ரத்தசோகைக்கான முதன்மைச் சிகிச்சை. இன்டர்லூகின்-6 செயல்பாட்டைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து, ஹெப்சிடினைக் குறைத்து ஹீமோகுளோபின் அளவு உயர உதவுகிறது. இரும்புச்சத்து மாத்திரைகளைப் பரிசோதனைக்குப் பின், மருத்துவர் ஆலோசனைப்படியே உட்கொள்ள வேண்டும்.