மருந்துக்குப் பிந்தைய நுரையீரல் செயல்திறன் சோதனை

ஆஸ்துமா என்று ஐயப்படுபவரை ஸ்பைரோமீட்டரில் ஊதவைத்து, மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தை உறிஞ்சச் செய்து, மறுபடி ஊதவைத்து இரு அளவுகளையும் ஒப்பிடும் பரிசோதனை இது. ஸ்பைரோமீட்டரை 1846-ல் ஆங்கில மருத்துவர் ஜான் ஹட்சின்சன் அறிமுகப்படுத்தினார். இப்போது பெரிதும் பயன்படும் மருந்தான சால்பூட்டமால் 1969-ல் விற்பனைக்கு வந்தது.

இந்தச் சோதனை எங்கே தேவைப்படுகிறது என்பதற்குத் தென் தமிழகத்தின் நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் ஓர் எடுத்துக்காட்டு. அது சீமைக் கருவேலம் மண்டிய வறண்ட பூமி. அந்த மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது பலருக்குப் பிழைப்பு. அந்த மரத்தின் மகரந்தம் ஒவ்வாமை தரக்கூடியது. மூட்டப் புகையும் விறகடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுப்பவை. ஆண்டுக்கணக்கில் புகையில் நின்ற ஒருவருக்கு இளைப்பு வந்தால் அது ஆஸ்துமாவா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயா என்பதை ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் 'வீசிங்' சத்தத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். இந்தச் சோதனையின் அருமை அங்கேதான் தெரியும்.

மூச்சை முழுதாக இழுத்து, முழு வேகத்தில் கடைசிவரை ஊத வேண்டும். ஒழுங்காக அமைந்த ஊதல் குறைந்தது மூன்று தேவை. முதல் நொடியில் வெளியேறும் காற்றே முக்கிய அளவு. பிறகு சால்பூட்டமால் 400 மைக்ரோகிராம், அதாவது 100 மைக்ரோகிராம் இன்ஹேலரில் நான்கு 'பஃப்', ஸ்பேசர் என்ற இடைக்குழல் வழியாகத் தரப்படும். சுமார் 15 நிமிடம் கழித்து மறு ஊதல்.

முதல் நொடி அளவு 200 மில்லிலிட்டரும் 12 விழுக்காடும் சேர்ந்து கூடினால் அடைப்பு இளகுகிறது என்று பொருள். 1.60 லிட்டர் ஊதியவர் 1.92 எட்டினால் உயர்வு 320 மில்லி, 20 விழுக்காடு. இது தெளிவான விடை. 1.20-லிருந்து 1.35-க்கு வந்தவருக்கு விழுக்காடு 12.5 ஆனாலும் 150 மில்லி போதாது. அமெரிக்க, ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கங்களின் 2022 நெறிமுறையோ இந்த அளவுகோலுக்குப் பதிலாக, ஒருவரின் வயது, உயரம், பாலினத்துக்கு எதிர்பார்க்கப்படும் அளவில் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்வு கேட்கிறது. அந்த எதிர்பார்ப்பு நம் மக்களுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் நலமான இளைஞர்களை ஊதவைத்து எடுத்த அளவுகளை 1990-ல் வெளியிட்டது அதனாலேயே மதிக்கத்தக்க பணி.

மருந்துக்குப் பிறகும் முதல் நொடிக் காற்று, முழு ஊதல் காற்றில் 70 விழுக்காட்டுக்குக் கீழேயே நின்றால் நாள்பட்ட அடைப்பு நோயை நினைக்க வேண்டும். ஆனால் உயர்வு தெரியாததாலேயே ஆஸ்துமா இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. நோய் அடங்கியிருக்கும் நாளில் அளவு இயல்பாகவே இருக்கலாம். காலையில் நெபுலைசர் வைத்துக்கொண்டு வந்தவருக்கும் உயர்வு மறைந்துபோகும்.

ஆகவே சோதனைக்கு முன் சால்பூட்டமாலை 4 மணி நேரமும், ஃபார்மோட்டரால் கலந்த இன்ஹேலரை 24 மணி நேரமும் நிறுத்தச் சொல்வார்கள். மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். இடையில் மூச்சு முட்டினால் தயங்காமல் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த நேரத்தைப் பரிசோதகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.