ஒரு குடும்பமும் ஒரு கைப்பிரதியும்

1961 பிப்ரவரி 14 அன்று மாஸ்கோவில் வசீலி கிராஸ்மனின் வீட்டிற்கு வந்த கே.ஜி.பி. அதிகாரிகள் அவரைக் கைது செய்யவில்லை. 'வாழ்வும் விதியும்' என்ற நாவலின் தட்டச்சுப் படிகள், குறிப்புகள், கார்பன் தாள்கள், தட்டச்சுப்பொறியின் நாடா ஆகியவற்றை எடுத்துச் சென்றார்கள். எழுத்தாளர்கள் சிறை சென்ற கதை சோவியத் வரலாற்றில் ஏராளம் உண்டு. நாடாவில் பதிந்த எழுத்தைக்கூட விட்டுவைக்கலாகாது என்று அரசு எண்ணிய நூல்கள் அரிது. ஸ்டாலின் இறந்து எட்டாண்டுகள் ஆகவிருந்த நேரம் அது. அரசை இவ்வளவு அச்சுறுத்தியது, போரில் சிக்கிய ஒரு குடும்பத்தின் கதை.

கிராஸ்மன் அரசுக்கு அந்நியரல்லர். செஞ்சேனையின் 'செந்நட்சத்திரம்' நாளேட்டிற்காக ஆயிரம் நாட்களுக்கு மேல் போர்முனையில் இருந்தவர். ஸ்டாலின்கிராடிலிருந்து அவர் அனுப்பிய செய்திகளை நாடே வாசித்தது. போர்முனையில் அவர் இருக்கும்போதே வீட்டில் ஒன்று நிகழ்ந்துவிட்டது. 1941 கோடையில் தாயார் எக்கத்தெரீனா சவேலியெவ்னா உக்ரைனில் சொந்த ஊரான பெர்டிச்செவில் இருந்தார். மாஸ்கோ வீட்டில் இடம் போதாது என்ற பேச்சில் அவரை அழைத்துவருவது தள்ளிப்போயிற்று. ஜெர்மானியர் முந்திக்கொண்டனர். செப்டம்பர் 15 அன்று அவ்வூரின் ஆயிரக்கணக்கான யூதர்களோடு அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். 1944இல் ஊர் மீட்கப்பட்ட பிறகே மகன் அங்கே போய் விவரம் அறிந்தார்.

நாவலின் ஷாபொஷ்னிக்கவ் குடும்பத்தை இந்தக் காயத்தைத் தெரிந்துகொண்டு வாசிப்பது வேறோர் அனுபவம். மூத்த மகள் லுத்மீலாவின் கணவன் விக்டர் ஷ்த்ரூம் ஓர் இயற்பியல் அறிஞன். அவன் தாய் அன்னா செம்யோனொவ்னா கண் மருத்துவர். கெட்டோவின் முள்வேலிக்குள்ளிருந்து அவள் மகனுக்கு எழுதும் கடிதம் ஓர் அத்தியாயம் முழுவதையும் நிறைக்கிறது. அதில் கொலைகாரர்களைவிட அண்டைவீட்டாரே அதிகம் வருகிறார்கள். அவளுடைய நாற்காலிகள் யாருக்கு என்று இரண்டு பெண்கள் சண்டையிடுகிறார்கள். அவள் விடைபெறப் போகும்போது அவ்விருவருமே அழுகிறார்கள். முன்பு அவளிடம் சிகிச்சைக்கு வந்த, கடுகடுப்பான ஒரு மனிதர்தான் மூட்டையைச் சுமந்து வந்து உதவுகிறார். யாரிடம் இரக்கம் இருக்கும், யாரிடம் இராது என்பதை அவளால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. எக்கத்தெரீனாவிடமிருந்து அப்படி ஒரு கடிதம் வரவேயில்லை. வராத கடிதத்தைத்தான் மகன் எழுதினார்.

இந்நாவலைத் தோல்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' நூலுடன் ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அளவிலும் கட்டமைப்பிலும் அது பொருத்தமே. ஆனால் தோல்ஸ்தோயின் குடும்பங்களுக்குத் திரும்பிச் செல்லப் பண்ணை வீடு இருந்தது. இங்கே இளைய மகள் எவ்கேனியா குய்பிஷெவ் நகரில் குடியிருப்பு அனுமதிக்காக வரிசையில் நிற்கிறாள். அனுமதியின்றிப் பங்கீட்டு அட்டை இல்லை. லுத்மீலா காயம்பட்ட மகனைக் காண வோல்கா வழியே சரத்தோவ் போகிறாள். அவள் சேரும்முன் அவன் இறந்துவிடுகிறான், கல்லறை அருகே இரவு முழுதும் அவனோடு பேசுகிறாள். ஸ்டாலின்கிராட் யுத்தத்தின் திட்டங்கள் நிரம்பிய இந்நூலில் என் மனத்தில் தங்கியது இவ்விரு பெண்களின் காத்திருப்பே. படைத்தளபதிகளின் அத்தியாயங்களை ஒருமுறை வாசித்தால் எனக்குப் போதும். டாங்கிப் படைத்தலைவன் நோவிக்கவ் வீரர்களின் உயிர் கருதித் தாக்குதலை எட்டு நிமிடம் தாமதிக்கும் இடம் மட்டும் விதிவிலக்கு.

அந்த நோவிக்கவை எவ்கேனியா காதலிக்கிறாள். அவளுடைய முன்னாள் கணவன் க்ரீமவ், கட்சியை உயிராய் நம்பியவன், சொந்த அரசாலேயே லுப்யான்கா சிறையில் அடைக்கப்படுகிறான். அவள் காதலனை விட்டு, சிறை வாசலில் உணவுப் பொட்டலத்தோடு நிற்கப் போகிறாள். இதை யாரும் கட்டளையிடவில்லை. ஷ்த்ரூமுக்கோ ஸ்டாலினிடமிருந்தே தொலைபேசி வருகிறது; வேலை நிலைக்கிறது. அதுவரை பணியாதவன், நிம்மதி கிடைத்த பிறகு, அப்பாவிகள் மீது பழிசுமத்தும் கடிதத்தில் ஒப்பமிடுகிறான். தாயின் நினைவுதான் அவனை உறுத்துகிறது. நாஜி அரசும் சோவியத் அரசும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோன்ற உரையாடல் ஒன்று நாவலில் உண்டு. நூலைத் தடுக்க அதுவே போதும். ஆனால் சிறை வாசலில் நிற்கும் எவ்கேனியாவும் அதிகாரத்திற்குக் குறைந்த ஆபத்தல்லள் என்பேன். வகை பிரித்து மனிதரைக் கையாளும் அமைப்புக்கு அவள் எந்த வகையிலும் அடங்குவதில்லை.

கிராஸ்மன் 1962இல் குருஷ்சேவுக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு ஜூலையில் கட்சியின் கருத்தியல் தலைவர் சூஸ்லவ் அவரைச் சந்தித்தார். இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு இந்நூல் வெளிவராது என்று அங்கே சொல்லப்பட்டதாக ஒரு செய்தி பரவலாகப் பேசப்படுகிறது. அச்சொற்கள் குறித்து ஆய்வாளரிடையே ஐயம் உண்டு. முடிவில் ஐயமில்லை, நூல் திரும்பவில்லை. 1964 செப்டம்பர் 14 அன்று, தாயின் நினைவுநாளுக்கு முந்தைய தினம், புற்றுநோயால் அவர் இறந்தார்.

தெரிந்தே இரண்டு படிகளை அவர் வெளியே தந்திருந்தார். ஒன்றைக் கவிஞர் செம்யோன் லிப்கின் மறைத்துவைத்தார். மற்றொன்று பழைய நண்பர் வியாச்செஸ்லாவ் லொபோதாவின் வீட்டில் இருந்தது. 1970களின் நடுவில் லிப்கினின் படியை நுண்படமாக்கினார்கள். அதில் எழுத்தாளர் வொய்னொவிச்சுக்கும், சாகரவ், எலேனா போன்னர் தம்பதியருக்கும் பங்குண்டு. படச்சுருள் எல்லை கடந்தது. 1980இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ரஷ்ய மூலம் அச்சேறியது. சோவியத் வாசகர்களுக்கு 1988இல் 'அக்தோபர்' இதழ் வழியே கிடைத்தது.

தமிழ் வாசகனுக்கு இதில் யோசிக்க ஒன்றுண்டு. ரஷ்ய இலக்கியம் நம்மில் ஒரு தலைமுறைக்கு மாஸ்கோ பதிப்பகங்களின் மலிவு விலை நூல்களாக, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே வந்தது. அவற்றின் மீது எனக்குள்ள நன்றி சிறிதன்று. ஆனால் அந்தக் கப்பலில் இந்த நாவல் ஏறியிருக்க வழியே இல்லை. நம் அலமாரிகளில் வரிசையாக நின்ற அந்த நூல்களுக்கு இடையில் எது இல்லை என்று அப்போது யாரும் நமக்குச் சொல்லவில்லை.

கைப்பற்றப்பட்ட தாள்களை 2013இல்தான் ரஷ்யப் பாதுகாப்புத்துறை இலக்கிய ஆவணக் காப்பகத்தின் வசம் ஒப்படைத்தது. கிராஸ்மன் விட்டுச்சென்றவற்றுள் வேறு இரண்டு கடிதங்களும் இருந்தன. இரண்டும் இறந்துபோன தாயாருக்கு அவர் எழுதியவை. ஒன்று 1950இல், மற்றொன்று நாவல் பறிபோன 1961இல். இரண்டுமே செப்டம்பரில் எழுதப்பட்டவை.