உடலிலிருந்து மொழிக்கு: ராஜா சாண்டோவின் பம்பாய் – சென்னைத் திரைப்பயணம்

ஆய்வுச்சுருக்கம்

புதுக்கோட்டையில் பிறந்து பம்பாய்க்குப் புலம்பெயர்ந்து, மௌனப்பட நடிகராகப் புகழ்பெற்றுப் பின் இயக்குநராக மாறியவர் ராஜா சாண்டோ. தமிழ்த் திரை வரலாற்றை 1931-இல் வெளிவந்த முதல் பேசும்படத்திலிருந்து தொடங்கும் வழக்கம், அவருடைய வாழ்க்கையின் முற்பாதியை முன்கதையாகச் சுருக்கிவிடுகிறது. புலம்பெயர்வு, உடல், மொழி ஆகிய மூன்றின் உறவை முன்வைத்து அவருடைய திரைப்பணியை இக்கட்டுரை மறுவாசிப்புக்கு உட்படுத்துகிறது.

திறவுச்சொற்கள்: ராஜா சாண்டோ, மௌனப்படம், புலம்பெயர்வு, சமூகப் படம், பேசும்படம்.

முன்னுரை

மௌனப்படக் காலத்தில் மொழி தெரியாத நாட்டிலும் ஒரு நடிகர் நிலைபெற முடிந்தது. அசைவும் முகபாவமுமே அங்குக் கலையின் மூலதனம். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற சார்லி சாப்ளின் 1914-இல் திரையில் தோன்றிய சில மாதங்களிலேயே தம் படங்களைத் தாமே இயக்கத் தொடங்கினார். இந்தியாவில் வங்காளத்தைச் சேர்ந்த தீரேந்திரநாத் கங்கூலி 1921-இல் வெளிவந்த ‘பிலாத் ஃபேரத்’ என்னும் நகைச்சுவைப் படத்தில் நடித்த பின், ஹைதராபாத்தில் லோட்டஸ் நிறுவனத்தை நிறுவிப் படங்களை இயக்கினார். உடலால் நடித்தவர், அவ்வுடலைக் காட்சிப்படுத்தும் முறையையும் தம் கைக்குள் கொண்டுவர முயன்றமை இவ்வாழ்க்கைகளின் பொதுக்கூறாகும். தமிழரிடையே இப்பாதையில் சென்றவர்களுள் முதன்மையானவர் ராஜா சாண்டோ. நகைச்சுவையன்று, உடல்வலிமையே அவருக்குத் திரையுலகின் வாயிலைத் திறந்தது.

பெயரும் உடலும்

ராஜா சாண்டோவின் இயற்பெயர் நாகலிங்கம். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்த அவர் உடற்பயிற்சியில் தேர்ச்சி பெற்றவர். அவர் ஏற்ற பெயரின் வரலாறு கவனத்திற்குரியது. பிரஷ்யாவில் 1867-இல் பிறந்து இலண்டனில் புகழ்பெற்ற யூஜின் சாண்டோ, உடற்கட்டை மேடைக் காட்சியாக மாற்றியவர். 1894-இல் எடிசனின் நிறுவனம் அவர் தசைகளை முறுக்கிக் காட்டுவதைப் படச்சுருளில் பதிவு செய்தது. திரையில் தோன்றிய தொடக்கக்கால மனித உருவங்களுள் அதுவும் ஒன்று. 1905-ஐ ஒட்டி அவர் இந்தியாவிலும் பயணம் செய்து காட்சிகள் நடத்தினார். அதன்பின் ‘சாண்டோ’ என்பது பயில்வான்களுக்குரிய அடைமொழியாயிற்று. பிற்காலத்தில் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் அவ்வடைமொழியுடன் அறியப்பட்டார். கையில்லாத பனியனுக்கும் தமிழில் அப்பெயர் நிலைத்தது. எனவே நாகலிங்கம் ‘ராஜா சாண்டோ’ ஆனதை ஒரு புனைபெயரின் கதையாக மட்டும் கருத இயலாது. உலகெங்கும் பரவிய ஓர் உடற்பண்பாட்டின் அடையாளத்தை ஏற்று, ஊரையும் சாதியையும் மொழியையும் சுட்டாத ஒரு பெயருடன் அவர் பம்பாய்க்குள் நுழைந்தார்.

பம்பாய் ஆண்டுகள்

1920-களின் தொடக்கத்தில் எஸ். என். பாட்டங்கரின் படங்களில் அவரது திரைவாழ்க்கை தொடங்கியது. ‘பக்த போடனா’ (1922) அவருடைய தொடக்கக்காலப் படங்களுள் ஒன்று. பின்னர்க் கோஹினூர் நிறுவனத்தில் அவர் முன்னணி நடிகரானார். ஹோமி மாஸ்டர் இயக்கிய ‘டெலிஃபோன் கேர்ள்’ (1926), சந்துலால் ஷா இயக்கிய ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ (1926), ‘குணசுந்தரி’ (1927) ஆகியவற்றில் சுலோசனா, கோஹர் போன்ற புகழ்பெற்ற நடிகையருடன் அவர் நடித்தார்.

இப்படங்களின் உள்ளடக்கம் அவருடைய பிற்காலப் பணிக்கு அடிப்படையாக அமைந்தது. புராணக் கதைகள் பெரிதும் கோலோச்சிய சூழலில், தொலைபேசி நிலையத்திலும் அலுவலகத்திலும் பணிபுரியும் பெண், நகரத்து இல்லறத்தின் சிக்கல் ஆகியவை இங்குக் கதைப்பொருளாயின. ‘டெலிஃபோன் கேர்ள்’ படத்தின் நாயகி சுலோசனா, திரைக்கு வருமுன் தொலைபேசி இணைப்பாளராகவே பணியாற்றியவர். பயில்வானாக நுழைந்த நடிகர் நவீன நகரத்தின் கணவனாகவும் காதலனாகவும் உருமாறிய களம் இதுவே. 1928-இல் ‘ஸ்நேஹ ஜோதி’ படத்தின்வழி அவர் இயக்குநராகவும் ஆனார்.

சென்னைக்கு மீள்வருகை

சென்னையில் நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ வாயிலாகத் தென்னிந்திய மௌனப்படத் தயாரிப்பைத் தொடங்கி வைத்திருந்தார். எனினும் 1929-இல் ஏ. நாராயணன் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷனை நிறுவிய பின்னரே தயாரிப்பு ஓரளவு தொடர்ச்சி பெற்றது. அதே காலத்தில் ஆர். பத்மநாபன் அசோசியேட்டட் ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, ராஜா சாண்டோவைப் பம்பாயிலிருந்து வரவழைத்தார். ‘பேயும் பெண்ணும்’, ‘நந்தனார்’, ‘அநாதைப் பெண்’, ‘ராஜேஸ்வரி’, ‘உஷா சுந்தரி’ ஆகிய மௌனப்படங்களை 1930, 1931 ஆகிய ஆண்டுகளில் அவர் இங்கு இயக்கினார்.

இப்பட்டியலில் ‘நந்தனார்’ போன்ற பக்திக் கதை இருப்பினும், சமகாலப் பெண்ணின் நிலையைக் குறிக்கும் தலைப்புகள் உடன் நிற்பது கருதத்தக்கது. கோஹினூரில் அவர் நடித்த சமூகப் படத்தின் வாய்பாடு சென்னைக்கு இடம்பெயர்ந்தமையை அது காட்டுகிறது. அவருடன் திரைக்கதைப் பணியில் பயின்ற வழக்கறிஞர் கே. சுப்பிரமணியம், பின்னர் ‘பவளக்கொடி’ (1934) வாயிலாக இயக்குநராகி, ‘தியாகபூமி’ (1939) போன்ற சமூகப் படங்களை உருவாக்கினார். அடையாற்றில் சூரிய ஒளியை நம்பிப் படமாக்கப்பட்ட ‘பவளக்கொடி’, மௌனப்படக் காலத் தொழில்முறை பேசும்படத்திலும் தொடர்ந்ததற்குச் சான்று. ஆகவே மௌனப்படத்துக்கும் பேசும்படத்துக்கும் இடையில் வரலாற்றாசிரியர் வரையும் கோடு, ஆட்களின் வழியிலும் தொழில்முறையின் வழியிலும் பலமுறை கடக்கப்பட்ட கோடாகும்.

பேசும்படமும் சமூகக் கதையும்

1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ நிலைமையை மாற்றியது. மொழி வணிக எல்லையாயிற்று. பாடத் தெரிந்த நாடகக் கலைஞர்கள் திரையை நிரப்பினர். பல மொழியினரும் புரிந்துகொண்ட உடலுக்கு இருந்த மதிப்பு குறைந்தது. ராஜா சாண்டோ பம்பாய்ப் பேசும்படங்களில் நடிப்பதை உடனே கைவிடவில்லை, ‘இந்திரா எம்.ஏ.’ (1934) இதற்குச் சான்று. ஆயினும் அவருடைய முதன்மைப் பணி தமிழ்ப் பட இயக்கமாயிற்று.

அவர் இயக்கிய தமிழ்ப் பேசும்படங்களுள் முற்பட்டதான ‘பாரிஜாத புஷ்பாபஹரணம்’ (1932) புராணக் கதையே. ஒலியின் வருகை கதைப்பொருளைப் பின்னோக்கி இழுத்ததை இது உணர்த்துகிறது. 1935-இல் ‘மேனகா’ வாயிலாக அவர் மீண்டும் சமூகக் கதைக்குத் திரும்பினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகமாக நடத்தி வந்தனர். அக்குழுவைப் பம்பாய்க்கு வரவழைத்துப் படம் எடுக்கப்பட்டது. என். எஸ். கிருஷ்ணன் திரையில் அறிமுகமானது இப்படத்தில்தான். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘சந்திரகாந்தா’, மடத்துத் தலைவரின் ஒழுக்கக்கேட்டைச் சாடிய ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவலைத் தழுவியது. புதுக்கோட்டையைச் சேர்ந்த மற்றொரு கலைஞரான பி. யு. சின்னப்பா அதில் அறிமுகமானார்.

நாவல், நாடகக் குழு, பம்பாய்ப் படப்பிடிப்புத் தளம் ஆகிய மூன்றையும் இணைத்ததே இக்காலத்தில் இயக்குநராக அவர் ஆற்றிய பணியின் சாரம். பம்பாயின் தொழில்நுட்பத்தையும் தமிழ் நாடக மேடையின் வளத்தையும் ஒருங்கே கையாளும் தகுதி புலம்பெயர் வாழ்வால் அவருக்கு வாய்த்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘திருநீலகண்டர்’ (1939), ‘ஆராய்ச்சி மணி’ (1942) ஆகியவை பின்னர் வந்தன. கோயம்புத்தூரில் எடுக்கப்பட்ட ‘சிவகவி’யை (1943) அவர் தொடங்கினார், கருத்து வேறுபாட்டால் விலகவே, எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு அதனை முடித்தார். அதே ஆண்டில் ராஜா சாண்டோ கோயம்புத்தூரில் மறைந்தார்.

முடிவுரை

தென்னிந்திய மௌனப்படங்களுள் ஏறத்தாழ முழுமையாக எஞ்சியிருப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. ராஜா சாண்டோ சென்னையில் இயக்கிய மௌனப்படங்கள் இன்று காணக் கிடைப்பதில்லை. இந்த இழப்பு, அவரைப் பேசும்படங்களின் வழியாகவே மதிப்பிடும் பழக்கத்தை வலுப்படுத்தியுள்ளது. அவர் பெயரில் தமிழக அரசு விருது வழங்கியிருந்தாலும், அவருடைய வாழ்வின் பாதி தமிழ்த் திரை வரலாற்றின் புறத்தேயே நிற்கிறது. பேச்சொலி இல்லாத படம் தமிழ்ப்படம் ஆகுமா என்னும் வினாவுக்கு மொழியை மட்டும் அளவுகோலாகக் கொண்டு விடை காண இயலாது. மௌனப்படங்களின் எழுத்து அட்டைகளே பல மொழிகளில் அமைந்தவை. பம்பாயில் உருவாகிச் சென்னையில் கற்பிக்கப்பட்டு, பேசும்படத்தில் தமிழ் நாவலுடனும் நாடகத்துடனும் கலந்த ஒரு தொழில்மரபையே தமிழ்ச் சினிமாவின் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். அவ்வாறு கொள்ளும்போது, சமூகப் படத்தின் தமிழ் வரலாறு 1935-இன் ‘மேனகா’வுக்கு முன்னரே, அழிந்துபோன அந்த மௌனப்படங்களில் தொடங்குவது புலனாகும்.