திருகுக்கு எண் போட்டவர்களும் பாகத்துக்கு எண் போட்டவர்களும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கடலில் மீன் பிடிக்கும் தூண்டில் ரீல் பற்றியது. "வாத்தியாருக்கும் தூண்டிலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். மீன் சாப்பிடாதவர்களும் வாசிக்கலாம். உடைந்த ஒரு பொருளைச் சரிசெய்யும் வாய்ப்பு யார் கையில் இருக்கிறது என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் தூண்டில் ரீல் செய்தவர்கள் கடிகாரத் தொழிலாளர்கள். பாரிஸ் என்ற சிற்றூரில் ஜார்ஜ் ஸ்னைடர் செய்தார். பிராங்க்ஃபோர்ட் ஊரில் மீக் சகோதரர்கள் செய்தார்கள். அருமையான வேலைப்பாடு. மீக் ரீல்களில் ஒரு விசேஷம் உண்டு. திருகின் தலையில் ஓர் எண் இருக்கும். அது போகவேண்டிய துளையின் அருகிலும் அதே எண் இருக்கும். 3-ஆம் எண் திருகு 3-ஆம் எண் துளைக்கு மட்டுமே. மரை கையால் வெட்டியது, அதனால் ஒரு திருகு இன்னொரு துளையில் சரியாக உட்காராது. அந்தத் திருகு தொலைந்தால் செய்தவரிடமே போகவேண்டும். அவர் இறந்துவிட்டால்?

இதற்கு மாற்றான எண்ணம் அதற்கு முன்பே பிறந்திருந்தது. 1785-இல் பிரான்ஸில் ஓனொரே பிளாங் என்ற துப்பாக்கித் தொழிலாளி, துப்பாக்கி விசைகளின் பாகங்களைப் பிரித்துக் குவித்து வைத்தார். அப்போது அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன், கைக்கு வந்த பாகங்களை எடுத்துத் தானே பூட்டிப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. வியந்து தன் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் இதைத் தொழிற்சாலையில் ஒழுங்காகச் செய்துகாட்ட, அமெரிக்க ஆயுதச் சாலைகளுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. துப்பாக்கியிலிருந்து தையல் இயந்திரம், சைக்கிள், கார் என்று அந்த முறை பரவியது.

இனி கடலுக்கு வருவோம். 1898-இல் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவருகே சார்லஸ் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டு எடையுள்ள சூரை மீனைத் தூண்டிலில் பிடித்தார். நம் கணக்கில் சுமார் 83 கிலோ. அந்தக் காலத்து ரீலில் மீன் இழுத்துக்கொண்டு ஓடினால் கைப்பிடியும் தலைகீழாகச் சுழலும். விரல் அதில் மாட்டினால் தீர்ந்தது. "விரல்கணு உடைப்பான்" என்றே அதற்குப் பட்டப்பெயர். சுழலும் நூல்மேல் தோல் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்துவதுதான் பிரேக்.

வில்லியம் போஷன் என்ற மீன்பிடி ஆர்வலர் இதற்கு ஒரு வழி யோசித்தார். புரூக்ளினில் ரீல் செய்துவந்த ஜூலியஸ் வோம் ஹோஃப் அதைச் செய்து கொடுத்தார். பெரிய பல்சக்கரத்துக்குள் வாஷர்களை அடுக்கி, நட்சத்திர வடிவச் சக்கரத்தால் இறுக்குவது. மீன் இழுத்தால் நூல் போகும், கைப்பிடி சுழலாது. எவ்வளவு பலமாக இழுத்தால் நூல் விடவேண்டும் என்பதை நட்சத்திரத்தைத் திருகி வைத்துக்கொள்ளலாம். இதைத்தான் "ஸ்டார் டிராக்" என்கிறார்கள். 1913-இல் போஷன் அந்த மாதிரி ரீலைக் கொண்டு வாள்மீன் பிடித்தார். தூண்டில், ரீல் கொண்டு அந்த வகை மீனைப் பிடித்தது அதுவே முதல் முறை.

நம் கதாநாயகன் அடுத்து வருகிறான். 1932. உலகமே பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த நேரம். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஓட்டோ ஹென்சே பிலடெல்பியாவில் பென் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பணக்காரர்களின் விளையாட்டாக இருந்த கடல் தூண்டிலுக்குச் சாதாரணத் தொழிலாளியும் வாங்கக்கூடிய ரீல் செய்தார். பக்கத் தட்டு பேக்கலைட். உள்ளே பித்தளை. வெளியே குரோமியப் பூச்சு. 1936-இல் பெரிய மீன்களுக்கான "செனட்டர்" வந்தது. பிறகு ஸ்க்விடர், ஜிக்மாஸ்டர் என்று வரிசையாக வந்தன.

எனக்குப் பிடித்தது இவற்றின் பாக எண்தான். 5-60 என்று ஒரு பாகம். 5 என்றால் பெரிய பல்சக்கரம். 60 என்றால் லாங் பீச் என்ற மாடல். 13 சிறிய பல்சக்கரம். 29 நூல் சுற்றும் ஸ்பூல். ஸ்க்விடருக்கு 140, ஜிக்மாஸ்டருக்கு 500. ஒரே பாகம் வேறு மாடலுக்கும் பொருந்தினால் பழைய எண்ணே அங்கும் தொடரும். பட்டியலைப் படிக்கத் தெரிந்தால் எது எதற்குப் பொருந்தும் என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். பெட்டிக்குள்ளேயே சிறிய ரெஞ்சு ஒன்றும் வைத்திருந்தார்கள். "நீயே கழற்று" என்று அதற்கு அர்த்தம்.

மீக் ரீலிலும் எண் இருந்தது, பென் ரீலிலும் எண் இருந்தது. முன்னது "இந்த ஒரு ரீலுக்கு மட்டும்" என்றது. பின்னது "அந்த மாடலில் எந்த ரீலுக்கும்" என்றது. இரண்டுக்கும் இடையில் நூறு வருடத் தொழில் வரலாறு இருக்கிறது.

ஆனால் காலம் மாறியது. முதலில் நூல் மாறியது. நைலான் இழை வந்தபோது, இழுபட்டு நீண்ட நிலையில் சுற்றப்பட்ட நூல் சுருங்கி, பிளாஸ்டிக் ஸ்பூல்களை உடைத்தது. உலோக ஸ்பூல் தேவைப்பட்டது. குரோமியம் பூசிய பித்தளை ஸ்பூல் உறுதியானது, ஆனால் கனம். எறியும்போது சட்டென்று சுழலத் தொடங்காது. 1970-களில் கலிபோர்னியாவின் கார்ல் நியூவெல் பென் ரீல்களுக்கென்றே இலேசான அலுமினிய ஸ்பூல்களும் மாற்றுப் பாகங்களும் செய்து விற்றார். பின்னாளில் தன் பெயரிலேயே முழு ரீலும் செய்தார்.

அடுத்து சட்டம். பழைய ரீலில் இரண்டு பக்கத் தட்டுகளைத் தனித்தனிக் கம்பிகள் இணைக்கும். பெரிய மீன் இழுத்தால் அந்தக் கூடு முறுக்கும். பல்சக்கரங்கள் விலகும். இதற்கு ஒரே அலுமினியத் துண்டில் குடைந்த சட்டத்தைத் திபுரான், அக்யூரேட் போன்ற சிறு நிறுவனங்கள் செய்தன. பழைய ரீலின் உள்பாகங்களை அப்படியே அதில் பூட்டலாம். 1990-களில் மெல்லிய, மிகப் பலமான பின்னல் நூல் வந்தது. குறைந்த இடத்தில் நிறைய நூல் சுற்ற முடிந்ததால் ரீலையே குறுக்கினார்கள். நூல் பலமானதும் பாரம் டிராக்குக்குப் போனது. தோல் வாஷருக்குப் பதில் கார்பன் வாஷர் வந்தது. டிராக் இறுகியதும் பித்தளைப் பல் தேய்ந்தது. அங்கே துருப்பிடிக்காத எஃகு வந்தது. ஓரிடத்தைப் பலப்படுத்தினால் பாரம் அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகும். பாடப் புத்தகத்தில் இதை இவ்வளவு தெளிவாக நான் சொல்லிக் கொடுத்ததில்லை!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோதுதான் இதையெல்லாம் அறிந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற மெக்கானிக். அவரிடம் ஒரு ஜிக்மாஸ்டர் இருந்தது. ஒரே ஒரு திருகைத் தளர்த்தித் தட்டைத் திருப்பினார், ஸ்பூல் கையோடு வந்தது. பக்கத் தட்டு அவருடைய அப்பா காலத்தது. ஸ்பூல், சட்டம், வாஷர் எல்லாம் புதியவை. கைப்பிடி வேறொரு மாடலுடையது. "இதில் எது பழைய ரீல்?" என்று கேட்டேன். "உப்பு தின்றதை மட்டும் மாற்றினேன். அப்பா பிடித்த இடம் அப்படியே இருக்கிறது" என்றார். எஃகுத் திருகை அலுமினியத்தில் பூட்டும்போது கிரீஸ் தடவாவிட்டால், உப்புநீர் பட்டு இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும் என்றும் கற்றுக்கொடுத்தார்.

இதில் மறுபக்கமும் உண்டு. இப்படி மாற்றுவதற்கு ஆகும் செலவு சில சமயம் புது ரீலின் விலையையே தாண்டும். பழம்பொருள் சேகரிப்பவர்கள் மாற்றிய ரீலை மதிப்பதில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அசல் பாகத்தில் துளை போட்டுவிட்டால் அது திரும்பாது. அதனால் விவரமானவர்கள் துளை போடாமல் மாற்றி, கழற்றிய பாகங்களை ஒரு டப்பாவில் பத்திரப்படுத்துகிறார்கள். வேண்டும்போது பழைய ரீலாகவே மறுபடி பூட்டிக்கொள்ளலாம்.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் வீட்டு மிக்சியில், ஜாருக்கு அடியில் இருக்கும் சின்ன ரப்பர் கப்ளர் உடைந்தது. வாங்கி நான்கு வருடம்தான். "அந்த மாடல் நின்றுபோச்சு சார், புதுசா வாங்கிக்குங்க" என்றார்கள். மோட்டார் நன்றாக ஓடுகிறது. ஆனால் உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் துண்டுக்காக முழு மிக்சியும் பரணுக்குப் போனது. அதே சமயம், நான் பள்ளிக்குப் போய்வந்த சைக்கிளுக்கு இன்றும் எந்த ஊர்க் கடையிலும் பெடலும் செயினும் கிடைக்கின்றன.

எழுபது, எண்பது வருட ரீல்கள் இன்னும் கடலுக்குப் போவதற்குக் காரணம் அவை உடையாதவை என்பதில்லை. எல்லாம் உடைந்தன, தேய்ந்தன, அரித்தன. அளவு மாறாமல் இருந்ததால், பென் செய்யாத பாகத்தைக்கூட யாரோ ஒருவர் தன் பட்டறையில் செய்துகொடுக்க முடிந்தது.

உங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் ஓடும் பொருள் எது? தையல் மெஷினா, கிரைண்டரா, மின்விசிறியா? அதற்கு உதிரிப் பாகம் எங்கே வாங்குகிறீர்கள்? கடையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.