விசைக் கோடுகளின் கதை

சட்டக் காந்தம் ஒன்றின் மேல் ஒரு தாளை வைத்து, அதன் மீது இரும்புத் தூளைத் தூவி, தாளை மெல்லத் தட்டுகிறோம். தூள் அழகிய வளைகோடுகளாக அமைந்துவிடுகிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் கண்ட இக்காட்சி, இயற்பியலின் போக்கையே மாற்றிய ஒரு கருத்துக்கு வித்திட்டது.

நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி சூரியன் பூமியை ஈர்க்கிறது. இடையிலுள்ள வெறும் வெளியில் என்ன நடக்கிறது? விதி அதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. இது நியூட்டனுக்கே மனநிறைவு தரவில்லை என்பதை 1693-ஆம் ஆண்டில் அவர் பெண்ட்லிக்கு எழுதிய கடிதம் காட்டுகிறது. எனினும் கணக்கு சரியாக வந்தது. 1785-இல் கூலும், மின்விசையும் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதைக் கண்டார். இடைவெளியைப் பற்றிய கேள்வி மறக்கப்பட்டது.

1820-இல் ஆர்ஸ்டெட் ஒரு புதிரைக் கொண்டுவந்தார். மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே வைத்த காந்த ஊசி, கம்பியை நோக்கித் திரும்பவில்லை. கம்பியைச் சுற்றி வரைந்த வட்டத்தின் வழியே திரும்பி நின்றது! நேர்கோட்டில் இழுக்கும் அல்லது தள்ளும் விசைகளையே அறிந்திருந்தவர்களுக்கு இது வியப்பாக இருந்தது.

இப்புதிரில் மனத்தைச் செலுத்தியவர்களுள் ஒருவர் மைக்கேல் ஃபாரடே (1791–1867). கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர், 1813-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்தவர். உயர்கணிதம் அறியாத அவர் படங்களாகவே சிந்தித்தார். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். கம்பிச் சுருளுக்குள் காந்தம் நகரும்போது மின்னோட்டம் பிறக்கிறது; காந்தம் நின்றால் அதுவும் நின்றுவிடுகிறது. ஏன்? இரும்புத் தூள் காட்டும் கோடுகளைக் கம்பி வெட்டும்போதுதான் மின்னோட்டம் உண்டாகிறது என்றார் ஃபாரடே. விசை காந்தத்தினுள் மட்டும் இல்லை. சுற்றியுள்ள வெளியெங்கும் பரவியிருக்கிறது என்பது அவர் துணிபு.

இக்கோடுகள் இரண்டு செய்திகளைத் தருகின்றன. ஓரிடத்தில் கோடு செல்லும் திசையே அங்கு விசையின் திசை. கோடுகள் நெருங்கியிருந்தால் விசை மிகுதி, விலகியிருந்தால் குறைவு. ஒரு மின்னூட்டத்திலிருந்து கோடுகள் எல்லாப் பக்கமும் புறப்படுவதாகக் கொள்வோம். தொலைவு மூன்று மடங்கானால், அக்கோடுகள் கடக்கும் கோளப்பரப்பு ஒன்பது மடங்காகும். ஆகவே நெருக்கம் ஒன்பதில் ஒரு பங்காகும். கூலும் விதி படத்திலேயே அடங்கிவிட்டது, பாருங்கள்!

ஆயினும் கணித அறிஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை. தெளிவான விதியிருக்க, தெளிவற்ற கோடுகளை யாரேனும் விரும்புவார்களா என்று 1855-இல் கேட்டார், இங்கிலாந்தின் அரச வானியலறிஞர் ஏய்ரி. அதே ஆண்டில்தான் 24 வயது இளைஞரான மாக்ஸ்வெல், ஃபாரடேயின் கோடுகளுக்குக் கணித வடிவம் தரத் தொடங்கினார். அக்கட்டுரையைக் கண்ட ஃபாரடே, இவ்வளவு கணிதத்தைப் பார்த்து முதலில் ஏறக்குறைய அஞ்சியதாகவும், தம் கருத்து அதைத் தாங்கி நின்றதைக் கண்டு பின்னர் வியந்ததாகவும் 1857-இல் எழுதினார்.

மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்ற முடிவுக்கு இட்டுச் சென்றன. 1887–88-இல் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். அதைக் காண ஃபாரடேயும் இல்லை, மாக்ஸ்வெல்லும் இல்லை.

அப்படியானால் விசைக் கோடுகள் உண்மையில் இருக்கின்றனவா? ஃபாரடே அவ்வாறே நம்பினார். இன்று நாம் உண்மையெனக் கொள்வது புலத்தை; கோடுகள் அதன் படம் மட்டுமே. எத்தனை கோடுகள் வரைவது என்பது நம் விருப்பம். தாளில் இரு கோடுகளுக்கு இடையே தெரியும் வெற்றிடத்திலும் புலம் உண்டு. இரும்புத் துகள்கள் சிறு காந்தங்களாகி, முனையோடு முனை சேர்ந்து, பக்கவாட்டில் விலகுவதாலேயே அங்கு இடைவெளி தோன்றுகிறது.

நிலப்படத்தில் வரைந்த கோடு ஆறு ஆகாது. ஆனால் ஆறு ஓடும் வழியை அது சரியாகக் காட்டும். ஃபாரடேயின் கோடுகளும் அத்தகையனவே. அடுத்த முறை இரும்புத் தூளைத் தூவும்போது, கோடுகளோடு அவற்றின் இடைவெளிகளையும் உற்றுப் பாருங்கள்.