ராண்ட்ஜனின் ரப்பர் பட்டையும் செயற்கைத் தசையும்

மின்செயல் பலபடிகள் என்பவை மின்புலத்தில் வைக்கும்போது வடிவமோ அளவோ மாறும் பலபடிப் பொருள்கள் ஆகும். எலக்ட்ரோ ஆக்டிவ் பாலிமர் என்றும், தசைபோல இயங்குவதால் செயற்கைத் தசை என்றும் இவற்றை அழைப்பர். இவற்றில் பல வகைகள் உண்டு. 1969-இல் ஜப்பானில் கவாய் கண்டறிந்த, அழுத்தினால் மின்சாரம் தரும் பி.வி.டி.எஃப். படலம் அவற்றுள் ஒன்று. அதன் வரலாறு தனி. இங்கே பேசப்படுவது ரப்பர் போன்ற மின்காப்பு மீள்மப் படலங்கள் மட்டுமே.

1880: கீசன்

எக்ஸ் கதிர்களைக் கண்டறிவதற்கு 15 ஆண்டுகளுக்கு முன், ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வில்லெம் ராண்ட்ஜன், சுமார் 1 மீட்டர் நீளமுள்ள இயற்கை ரப்பர் பட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். மேல்முனை பிணைக்கப்பட்டிருந்தது, கீழ்முனையில் ஓர் எடை தொங்கியது. பட்டையின் இருபுறமும் எதிரெதிர் மின்னூட்டங்களைத் தெளித்தபோது பட்டை நீண்டது.

எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் இடையிலுள்ள ரப்பர் நசுங்குகிறது. ரப்பரின் பருமன் ஏறத்தாழ மாறாது. எனவே தடிப்பு குறைந்தால் பரப்பு கூடியே ஆக வேண்டும். 1899-இல் சசெர்தோத் இத்தகைய திரிபுக்கான கோட்பாட்டை எழுதினார். அழுத்தம் மின்புலத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்புலம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

ராண்ட்ஜன் ரப்பரின் மீது மின்முனை எதையும் ஒட்டவில்லை, மின்னூட்டத்தைத் தெளிக்க மட்டுமே செய்தார். சிறிய செய்திபோலத் தோன்றும் இது பின்னர் பெரிதாயிற்று.

நூறு விழுக்காட்டைத் தாண்டிய திரிபு

அடுத்த நூறாண்டில் இத்துறையில் பெரிய அசைவு இல்லை என்றே சொல்லலாம். 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் நிறுவனத்தைச் சேர்ந்த பெல்ரைன், கார்ன்பிளூ, பெய், ஜோசப் ஆகியோர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை நிலைமையை மாற்றியது. அவர்கள் மென்படலத்தின் இருபுறமும் நெகிழும் மின்முனைகளைப் பூசி, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தனர். சிலிகோன் படலத்தில் 117 விழுக்காடு, அக்ரிலிக் படலத்தில் 215 விழுக்காடு வரை திரிபு கிடைத்தது. அந்த அக்ரிலிக், கடையில் கிடைக்கும் ஒட்டுநாடா வகையைச் சேர்ந்தது!

படலத்தை முன்கூட்டியே இழுத்துச் சட்டத்தில் பொருத்தியதே இதன் திறவுகோல். ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? மின்முனைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை மாறாமல் வைத்திருந்தால், படலம் மெலியும்போது மின்புலம் வலுக்கிறது. வலுத்த புலம் படலத்தை மேலும் மெலியச் செய்கிறது. ஒரு கட்டத்தில் ரப்பரின் மீள்விசையால் இந்தச் சுழற்சியைத் தாங்க முடியாது. எளிய மீள்மப் பொருளில், தடிப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததுமே படலம் திடீரென நசுங்கி, மின்பொறி பாய்ந்து துளைபடும். 1955-இல் ஸ்டார்க், கார்ட்டன் இருவரும் பாலித்தீனின் மின்முறிவை விளக்கியபோதே இந்நிலையின்மை தெரிந்திருந்தது. முன்னரே இழுத்து வைப்பது படலத்தை மெலிதாக்குவதுடன் இந்நிலையின்மையையும் தள்ளிப்போடுகிறது. ஆனால் இழுத்துப் பிடிக்கும் சட்டமும் கூடவே வர வேண்டும். தசை இலகு, சட்டம் கனம். அக்ரிலிக்கில் இன்னொரு குறையும் உண்டு. அது பாகுபோல மெல்ல நகரும் இயல்புடையது. மின்னழுத்தம் மாறியவுடன் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. சிலிகோன் விரைவானது, ஆனால் திரிபு குறைவு.

செயற்கைத் தசையால் மனிதக் கையைக் கைமல்யுத்தத்தில் வெல்ல முடியுமா என்று 1999-இல் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த யோசெப் பார்-கோகன் அறைகூவல் விடுத்தார். 2005 மார்ச்சில் சான் டியேகோவில் போட்டி நடந்தது. எதிரணியில் 17 வயதுப் பள்ளி மாணவி. மூன்று எந்திரக் கைகளும் தோற்றன. அதிகம் தாக்குப்பிடித்தது 26 நொடி. மின்காப்பு மீள்மத்தால் ஆன சுவிட்சர்லாந்துக் கை சில நொடிகளே நின்றது.

தலைகீழாக இயக்கினால்

இதே படலம் மின்னாக்கியும் ஆகும். படலத்தை இழுத்து மின்னூட்டம் ஏற்றி, மின்சுற்றைத் துண்டித்துத் தளரவிட வேண்டும். தளரும்போது தடிப்பு கூடுகிறது, பரப்பு சுருங்குகிறது. எதிர் மின்னூட்டங்கள் ஒன்றைவிட்டொன்று விலக்கப்படுவதாலும், ஒரே வகை மின்னூட்டங்கள் நெருக்கப்படுவதாலும் மின்னழுத்தம் உயர்கிறது. இழுத்த கையின் வேலையில் ஒரு பகுதி மின்னாற்றலாக மாறுகிறது. காலணிக் குதிகாலிலும், 2007-இல் ஃபுளோரிடா கடற்கரையில் அலையில் மிதந்த மிதவையிலும் எஸ்.ஆர்.ஐ. இதைச் சோதித்தது.

2010: லின்ஸ்

மின்னாக்கியில் மின்னூட்டம் மாறாமல் வைக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும். இயக்கியிலும் அப்படிச் செய்தால்? ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கெப்ளிங்கர், பவர் முதலியோர் 2010-இல் ராண்ட்ஜனின் முறைக்கே திரும்பினர். மின்முனை இல்லாப் படலத்தில் மின்னூட்டத்தைத் தெளித்தனர். ஏற்றிய மின்னூட்டம் குறிப்பிட்ட அளவே உள்ளதால், படலம் விரிய விரிய அது பெரிய பரப்பில் பரவி மின்புலம் தணிகிறது. சுழற்சி தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது; திடீர் நசுங்கல் நிகழவில்லை. எனினும் தெளித்த மின்னூட்டத்தை விரைவாக ஏற்றி இறக்குவது, மின்முனையில் ஒரு விசையைத் தட்டுவதுபோல் எளிதன்று. ஆகவே நடைமுறைக் கருவிகள் பெரும்பாலும் பூசப்பட்ட மின்முனைகளையே நம்பியுள்ளன.