வாத்தியாருக்கு மார்க்

1845-ம் வருடம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். கோடைக்காலத்தில் ஒரு காலை நேரம். நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்குள் சில பெரிய மனிதர்கள் திடுதிப்பென்று நுழைந்தார்கள். கையில் கத்தை கத்தையாக அச்சடித்த தாள்கள். மேல்வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஆளுக்கொரு தாளை நீட்டி, பதில் எழுதச் சொன்னார்கள். நேரம் முடிந்ததும் தாள்களை வாங்கிக்கொண்டு அடுத்த பள்ளிக்கு ஒரே ஓட்டம். கேள்வி கசிந்துவிடக் கூடாதே!

இதில் என்ன அதிசயம், பள்ளிக்கூடம் என்றால் பரீட்சை இருக்கத்தானே செய்யும் என்பீர்கள். அன்றைக்கு பாஸ்டனில் அப்படி இல்லை. பரீட்சை என்பது வருடத்துக்கொரு முறை நடக்கும் ஒப்பித்தல் திருவிழா. பள்ளிக் கமிட்டிக்காரர்கள் வந்து உட்காருவார்கள். வாத்தியார் கெட்டிக்காரப் பையனாகப் பார்த்து எழுப்பிவிடுவார். அவன் மடமடவென்று ஒப்பிப்பான். 'பேஷ்' என்று தலையாட்டிவிட்டுக் கமிட்டி கிளம்பிவிடும். அடுத்த வருடம் வரை வாத்தியார்தான் ராஜா.

அந்த ராஜாக்களோடு ஒருவருக்குத் தீராத பகை. அவர் பெயர் ஹொரேஸ் மான். மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளர். அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் தந்தை என்று இன்றைக்கும் கொண்டாடப்படுகிறவர். 1843-ல் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஓர் அறிக்கை எழுதினார். பிரஷ்யாவில் வாத்தியார்கள் பிரம்பைத் தொடாமலே எவ்வளவு அழகாகப் பாடம் நடத்துகிறார்கள் தெரியுமா என்று அதில் ஒரே புகழாரம். பாஸ்டன் வாத்தியார்களுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் நாங்கள் என்ன அடியாட்களா? 31 பேர் சேர்ந்து, அந்த அறிக்கையை வாங்கு வாங்கென்று வாங்கி ஒரு புத்தகமே போட்டுவிட்டார்கள்.

மானும் சளைக்காமல் பதில் எழுதினார். அதோடு விஷயம் முடியவில்லை. அவருடைய நெருங்கிய நண்பர் சாமுவேல் க்ரிட்லி ஹவ், பார்வையற்றோருக்கான பள்ளியை நடத்திப் பேர் வாங்கிய டாக்டர், பாஸ்டன் பள்ளிக் கமிட்டிக்குள் நுழைந்தார். அச்சடித்த தாள்கள் யாருடைய யோசனை என்று இப்போது புரிந்திருக்கும்.

ஐநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். பள்ளிகளின் ஆகச்சிறந்த பிள்ளைகள். சரியான விடைகள் நூற்றுக்குச் சுமார் முப்பதுதான். வரலாற்றுத் தாளில் ஒரு வேடிக்கை. ஜெஃபர்சன் காலத்து வர்த்தகத் தடை எந்த வருடம் என்று சிலர் பளிச்சென்று எழுதிவிட்டார்கள். தடை என்றால் என்ன என்று கேட்டால் முழித்தார்கள். உருப்போட்ட சரக்கு அம்பலம். ஹவ் கோஷ்டி முடிவுகளைப் பள்ளிவாரியாகப் பட்டியல் போட்டு அச்சடித்து வெளியிட்டது. சில வாத்தியார்களுக்கு வேலை போனது.

கவனித்தீர்களா? பரீட்சை எழுதியது பிள்ளைகள். மார்க் வாங்கியது வாத்தியார்கள். மான் சொன்னதில் நியாயம் இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கேள்வித்தாளை அவர் நண்பர்கள் ஒரு தடியாகத்தான் பிடித்திருந்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தத் தடி மறுபடி கைக்கு வந்தது. இந்த முறை கம்ப்யூட்டரோடு.

அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் பள்ளிகளை நடத்துவது வாஷிங்டன் அல்ல. ஊருக்கு ஊர் 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' உண்டு. நம்மூர் மாவட்டம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். இது பள்ளிக்காகவே உண்டான தனி நிர்வாகம். நாடு முழுக்கச் சுமார் 13,000. பெரும்பாலானவற்றில் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியம், உள்ளூர் சொத்து வரியில் பங்கு, மேலே ஒரு சூப்பரின்டென்டென்ட். வாத்தியாரை வேலைக்கு எடுப்பது, எடைபோடுவது, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அவர்கள் பாடு.

எடைபோட்ட லட்சணம் இருக்கிறதே... இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரல், தோற்றம், உடல்நலம் என்றெல்லாம் கட்டம் போட்ட மதிப்பெண் அட்டைகள் வந்தன. 1909-ல் நியூ ஜெர்சி மாநிலம் வாத்தியார்களுக்குப் பணிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அதன்பின் எடைபோடுதல் வெறும் சடங்காகிப் போனது. பிரின்ஸிபால் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காருவார், படிவத்தில் டிக் அடிப்பார், போய்விடுவார். 2009-ல் நியூ டீச்சர் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு 4 மாநிலங்களில் 12 டிஸ்ட்ரிக்ட்களை ஆராய்ந்தது. திருப்தி, திருப்தியில்லை என்று இரண்டே தரம் வைத்திருந்த இடங்களில் 99 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட வாத்தியார்கள் 'திருப்தி'! இப்படி மார்க் போட்டால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? எண்ணைக் காட்டு என்று ஒரு கூட்டம் கிளம்பியதில் தப்பே இல்லை.

எண்ணோடு வந்தவர் வில்லியம் சாண்டர்ஸ். டென்னசி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல்காரர், வேளாண்மைப் பக்கத்து ஆள். மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. நல்ல காளை எது? காளை ஒரு சொட்டுப் பால் கறக்காது. அதன் மகள்கள் எவ்வளவு கறக்கின்றன என்று பார்த்துத்தான் கணிக்க முடியும். அதிலும் தீவனம், கொட்டில், தாய்ப்பசு எல்லாவற்றின் பங்கையும் கழிக்கவேண்டும். இதற்கென்று வளர்ந்த கணக்குமுறை இருந்தது. 1980-களில் சாண்டர்ஸ் அதே ஜாதிக் கணக்கைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். இந்தப் பையன் போன வருடங்களில் வாங்கிய மார்க்கைப் பார். இந்த வருடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கணக்கிடு. அதற்கு மேலே வாங்கினால் வாத்தியாருக்கு லாபம், கீழே போனால் நஷ்டம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! 1992-ல் டென்னசி இதைச் சட்டத்தில் சேர்த்தது.

பிறகு எல்லாம் வேகம். 2002-ல் ஜார்ஜ் புஷ் கையெழுத்துப் போட்ட சட்டம் பள்ளிகளின் குடுமியைப் பரீட்சை முடிவோடு முடிந்தது. 2009-ல் ஒபாமா அரசு 435 கோடி டாலரை மேஜையில் வைத்து மாநிலங்களைப் போட்டிக்கு அழைத்தது. வாத்தியார் மதிப்பீட்டோடு பிள்ளைகளின் மார்க்கைச் சேர்த்தால் போட்டியில் பாயின்ட் கூடும்.

இனி அட்லாண்டாவுக்குப் போவோம்.

1999-ல் அங்கே சூப்பரின்டென்டென்டாக வந்தவர் பெவர்லி ஹால். பள்ளிக்குப் பள்ளி இலக்கு வைத்தார். தொட்டால் ஊழியர்களுக்கு போனஸ். மூன்று வருடத்தில் தொடாவிட்டால் பிரின்ஸிபால் மூட்டை கட்டவேண்டும். வருடாவருடம் ஸ்டேடியத்தில் பெரிய கூட்டம் நடக்கும். இலக்கைத் தொட்ட பள்ளிக்காரர்களுக்குக் கீழே, முன்னால் இடம். தொடாதவர்கள் மேலே, ஓரத்தில். பந்தியில் கடைசி இலை மாதிரி!

மார்க் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. பெரும்பாலும் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் படிக்கும் ஊர். நாடே வியந்தது. 2009-ல் நாட்டின் சிறந்த சூப்பரின்டென்டென்ட் விருது ஹாலுக்குக் கிடைத்தது. அவர் வாங்கிய போனஸ் மொத்தமாக ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியது.

அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிட்யூஷன் பத்திரிகைதான் முதலில் மூக்கை நுழைத்தது. இத்தனை வேகமாக மார்க் ஏறுமா? பென்சிலால் வட்டத்தை நிரப்பும் தேர்வு அது. விடைத்தாளைப் படிக்கும் ஸ்கேனருக்கு அழித்த தடமும் தெரியும். தாளுக்குத் தாள் தவறான விடை அழிபட்டு, சரியான விடை நிரம்பியிருந்தது. ஒரு பள்ளியில், தேர்வு வாரத்தின் மாலைகளில், ஜன்னல் இல்லாத அறையைப் பூட்டிக்கொண்டு ஆசிரியைகள் உட்கார்ந்து அழித்திருக்கிறார்கள். இன்னொரு பள்ளிக்காரர்கள் ஒருவர் வீட்டில் கூடி இதைச் செய்திருக்கிறார்கள்.

பி.காம். படித்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. கல்லாவில் உட்காருகிறவர் கையிலேயே பேரேட்டையும் கொடுக்காதே. அட்லாண்டாவில் கல்லா, பேரேடு, அழிரப்பர் மூன்றும் ஒரே கையில் இருந்தன. அதற்கு மேல் வேலை போய்விடும் என்ற பயம் வேறு.

2011 ஜூலையில் வந்த மாநில விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் 178 பேரைச் சுட்டிக்காட்டியது. 80-க்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். 2013-ல் ஹால் உட்பட 35 பேர் மீது, மாஃபியா கும்பல்களுக்காக உண்டான சட்டத்தின் கீழ் வழக்கு. தனக்கு எதுவும் தெரியாது என்று கடைசி வரை சொன்ன ஹால், விசாரணைக் கூண்டில் ஏறாமலே 2015 மார்ச்சில் புற்றுநோயில் இறந்துபோனார். அடுத்த மாதம் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. வாத்தியார்களைக் கைவிலங்கோடு கூட்டிப்போனதை டி.வி.யில் பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். எனக்கு அதைவிட வயிற்றைக் கலக்குவது வேறு. வாசிக்கத் தடுமாறிய குழந்தையின் தாளில் 'தேர்ச்சி' என்று இருந்ததால், அதற்குக் கிடைக்கவேண்டிய கூடுதல் பயிற்சி கிடைக்காமல் போனது.

திருட்டே இல்லாத ஊர்களில்? அங்கும் நிம்மதி இல்லை. ஹூஸ்டன் டிஸ்ட்ரிக்ட் சாண்டர்ஸின் கணக்கை வைத்து வாத்தியார்களை எடைபோட்டது. என் மார்க் எப்படி வந்தது, காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டபோது, சூத்திரம் தனியார் கம்பெனியின் வியாபார ரகசியம் என்று பதில் வந்தது. சங்கம் கோர்ட்டுக்குப் போனது. சரிபார்க்க வழியில்லாத எண்ணால் ஒருவர் வேலையைப் பறிப்பது முறையான நடைமுறையா என்ற வாதத்தில் சாரமிருக்கிறது என்று 2017-ல் நீதிமன்றம் சொல்ல, டிஸ்ட்ரிக்ட் சமரசத்துக்கு இறங்கி வந்தது. நியூ யார்க் மாநிலத்தில் இன்னொரு கூத்து. பேர்பெற்ற நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவருக்கு ஒரு வருடம் 20-க்கு 14. அடுத்த வருடம் 20-க்கு 1. அவரும் அதேதான், அவர் நடத்திய பாடமும் அதேதான். 2016-ல் நீதிபதி அந்த மார்க்கை ரத்து செய்தார். அதற்குள் வாஷிங்டனும் பின்வாங்கியிருந்தது. 2015 டிசம்பரில் வந்த புதிய சட்டம், மதிப்பீட்டை மாநிலங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

சரி, வாத்தியாரை எடைபோடவே கூடாதா? அப்படி நான் சொல்லமாட்டேன். ஏனென்றால் டொலீடோ என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒஹையோ மாநிலத்துத் தொழில் நகரம். கண்ணாடிக்கும் ஜீப்புக்கும் பேர் போனது.

அங்கே வாத்தியார் சங்கத் தலைவராக இருந்தவர் டால் லாரன்ஸ். 1970-களிலேயே நிர்வாகத்திடம் ஒரு விசித்திரமான யோசனையை வைத்தார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நாங்களே பயிற்றுவிக்கிறோம், தேறுகிறாரா என்று நாங்களே சொல்கிறோம். நிர்வாகம் பல வருடங்கள் அசையவில்லை. கடைசியில் ஒரு கொக்கி போட்டது. அப்படியானால் சொதப்புகிற பழைய வாத்தியார்களையும் சேர்த்து நீங்களே கவனியுங்கள். லாரன்ஸ் சரி என்றார்! 1981-ல் திட்டம் தொடங்கியது.

நல்ல பேர் வாங்கிய வாத்தியார்களை வகுப்பிலிருந்து மூன்று வருடம் விடுவித்து, மற்றவர்களின் வகுப்புக்கு அனுப்பினார்கள். போய் உட்கார்ந்து பார்க்கவேண்டும், குறிப்பெடுக்கவேண்டும், பேசவேண்டும், மறுபடி போகவேண்டும். வருடம் முழுக்க. கடைசி முடிவு ஒன்பது பேர் குழுவிடம். சங்கத்தின் பக்கம் 5, நிர்வாகத்தின் பக்கம் 4. ஆனால் எதற்கும் 6 ஓட்டு வேண்டும். எதிர்முகாமில் ஒருவரையாவது சம்மதிக்கவைக்காமல் சங்கத்தால் யாரையும் காப்பாற்றவும் முடியாது, கழற்றிவிடவும் முடியாது. சங்கத்துக்காரர்கள் தாட்சண்யம் பார்ப்பார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ம்ஹூம். முன்பு பிரின்ஸிபால்கள் அனுப்பியதைவிட அதிகமான புதியவர்களை இந்தக் குழு வீட்டுக்கு அனுப்பியது.

அதே மாநிலத்து சின்சினாட்டியும் இந்த வழியில் வந்தது. அங்கே நடுவயது வாத்தியார்களை சில வருடங்களுக்கு ஒரு முறை, வேறு பள்ளியிலிருந்து வரும் அனுபவசாலிகள் வந்து பார்த்தார்கள். பிரின்ஸிபாலையும் சேர்த்து வருடத்துக்கு நான்கு முறை. எரிக் டெய்லர், ஜான் டைலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த வருடம் மட்டுமல்ல, மதிப்பீடு முடிந்த பிறகு வந்த வருடங்களிலும் அந்த வாத்தியார்களின் பிள்ளைகள் கணக்கில் முன்னேறியிருந்தார்கள். ஆரம்பத்தில் பலவீனமாக இருந்தவர்களிடம்தான் மாற்றம் அதிகம். ஆங்கில வாசிப்பில் அப்படி எதுவும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு ஆன செலவு, மதிப்பிடப்பட்ட ஒரு வாத்தியாருக்குச் சுமார் 7,500 டாலர். அதில் 90 சதவிகிதத்துக்கும் மேல் அந்த அனுபவசாலிகளின் சம்பளம். அதிகம் என்று தோன்றுகிறதா? பில் கேட்ஸின் அறக்கட்டளை 2009-ல் மூன்று டிஸ்ட்ரிக்ட்களையும் நான்கு தனிப் பள்ளி அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு பிரமாண்ட மதிப்பீட்டுத் திட்டத்தில் இறங்கியது. வகுப்பறையைப் பார்ப்பதும் உண்டு, மார்க் கணக்கும் உண்டு, போனஸும் உண்டு. 2018-ல் ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து சொன்னது: பிள்ளைகளின் படிப்பில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. கடைசியில் ஏறக்குறைய எல்லா வாத்தியார்களும் அங்கே 'நன்று'தான். எல்லோரும் போட்ட பணத்தையும் கூட்டினால் மொத்தச் செலவு 57.5 கோடி டாலர்.

பழக்க தோஷம், கால்குலேட்டரை எடுத்து 57.5 கோடியை 7,500-ஆல் வகுத்துப் பார்த்தேன். எழுபத்தாறாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வாத்தியார்கள்.